நீலமா பச்சையா என்று அடித்துப் பார்த்தோம், மச்சான்

அன்புள்ள மச்சான் கணேசுக்கு,

வாய் மூடி இருந்தது போதும். நீ உயிரோடு இருந்தபோது உன்னோடு கதைக்காமல் இருந்தேன். அதில் ஒரு மரியாதை இருந்தது. இரண்டு பக்கமும் பாடுபட்டுக் கட்டிக் காத்த மௌனம் அது. நீ போன பிறகும் பேசாமல் இருந்தால், பார்க்கிறவர்கள் நான் துக்கத்தில் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்.

'அன்புள்ள' என்று தொடங்கியதைப் பெரிதாக எடுக்காதே. கல்விக் கந்தோர் அதிகாரிக்கு முறைப்பாடு எழுதினாலும் ஏதாவது போட்டுத்தானே தொடங்க வேண்டியிருக்கிறது.

இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். கணேசு தர்மபுரத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். பிறகு என் தங்கை வசந்தியைக் கட்டி, எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவன். போன வருடம் நெல் வெட்டு முடிகிற நேரம் நெஞ்சு நோகிறது என்று ஓட்டோவில் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனவன், நடந்து திரும்பி வரவில்லை. நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது ஒரு நீரிறைக்கும் மெசின்.

மெசின் என்றால் பெரிதாக எதையும் நினைக்கவேண்டாம். தோட்டக் கிணற்றடியில் வைத்து இறைக்கிற, ஒரு ஆள் தூக்கக்கூடிய மெசின். சண்டை நெருங்கி ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் இரண்டு வீடும் மெசினையும் தூக்கிக்கொண்டுதான் போனது. போகிற வழியில் உடையார்கட்டில் இனிச் சுமக்க ஏலாது என்று ஆனபோது, எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம். பழைய ஒயிலை அள்ளிப் பூசி, உரப்பையால் சுற்றி, தறப்பாளால் கட்டி, ஒரு தென்னங்காணிக்குள் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். என் ஐயாவின் மெசின் நீலம். உன் ஐயாவின் மெசின் பச்சை. நமக்கு எதிர்வீட்டுப் பூமணியக்காவும் தன் மெசினை அதே காணியில்தான் புதைத்தார். எங்களுடையவை தென்னையடியில், அவருடையது வேலியோரத்தில்.

திரும்பி வந்து கிண்டும்போது தென்னையும் இல்லை, வேலியும் இல்லை. ஏதோ ஒரு பெரிய வாகனம் காணியை உழுது மட்டமாக்கிவிட்டுப் போயிருந்தது. நீயும் நானும் தென்னையடி என்று நம்பிய இடத்தைக் கிண்டினோம். பூமணியக்கா வேலி என்று நம்பிய இடத்தைக் கிண்டினார். பொழுதுபடும்வரை கிண்டியும் கிடைத்தது ஒரே ஒரு மெசின், அதுவும் எங்கள் கிடங்கில். நீ ஒரு பக்கம் பிடித்தாய், நான் ஒரு பக்கம் பிடித்தேன். "எங்கடை" என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம். அன்றைக்கு நின்ற கதை, பிறகு எழும்பவே இல்லை.

நிறத்தைப் பார்த்தால் தெரியாதா என்று வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். எங்கே பார்ப்பது? ஒயிலும் மண்ணும் சேர்ந்து சூட்டில் இறுகி, கரிய பொருக்காக மெசின் முழுக்கப் படிந்திருந்தது. இலக்கத் தகட்டைத் துரு தின்றுவிட்டது. மண்ணெண்ணெய் விட்டுக் கம்பிப் பிறஸால் உரஞ்சினால் அடியில் இருக்கிற நிறம் தெரிந்திருக்கும். ஆனால் யார் உரஞ்சுவது? உன்னை விட்டால் பொருக்கோடு சேர்த்து என் ஐயாவின் நீலத்தையும் உரஞ்சி எறிந்துவிடுவாய் என்று நான் விடவில்லை. என்னை விட்டால் பச்சை தப்பாது என்று நீ விடவில்லை. இப்படியாக, மெசினைத் தொடுவதற்கு இரண்டு பேருக்கும் உரிமை இருந்தது, உரஞ்சுவதற்கு ஒருவருக்கும் இல்லை.

கடைசியில் வசந்தி அழுதாள். நான் விட்டேன். விட்டதுதான் மச்சான், கொடுக்கவில்லை. இந்த வித்தியாசத்தை நீ கடைசிவரைக்கும் விளங்கிக்கொள்ளவில்லை.

மெசின் உன் கொட்டிலில் நின்றது. வாரத்தில் ஒருநாள் பூமணியக்கா தன் மிளகாய்த் தோட்டத்துக்கு அதை இரவல் வாங்குவார். வாங்கப் போனால் உன் கதையைக் கேட்கவேண்டும். "கவனம் அக்கா, எங்கடை ஐயான்ரை மெசின். துடைச்சுத் தரவேணும்." கொண்டுபோகிற வழியில் என் வாசல் படலையடியில் என் கதையையும் கேட்கவேண்டும். "கவனம் அக்கா, அது எங்கடை ஐயான்ரை." இந்த இரண்டு கதையையும் மாறி மாறிச் சுமந்ததும் அவர்தான்.

"மாஸ்டர், உங்கடை மச்சான் சொல்லச் சொன்னவர். அது பச்சையாம்."

"அவருக்குச் சொல்லுங்கோ அக்கா, கண்ணிலை வில்லங்கமெண்டால் ஆசுப்பத்திரியிலை பாக்கிறவையாம்."

"எனக்கு மிளகாய்க் கண்டு காயுது. நீங்கள் நிறம் பாத்து முடியிறதுக்கிடையிலை நான் இறைச்சுப்போட்டு வாறன்."

பிறகு நீ கொரியாவுக்குப் போனாய். இங்கேதான் என்னுடைய அடுத்த மனக்குறை தொடங்குகிறது. பௌதிகத்தில் ஒவ்வொரு முறையும் கோட்டைவிட்டவன் நீ. சித்தியடைந்து, பட்டம் பெற்று, ஒளியைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பவன் நான். என் ஆய்வுகூடத்தில் இருப்பது கீறல் விழுந்த ஒரு குவிவு வில்லையும், சுவரில் சிவப்புப் புள்ளி காட்டுகிற ஒரு சிறு லேசர் பேனையும். நீயோ சிப் செய்கிற தொழிற்சாலை ஒன்றில், வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக நின்று, கண்ணுக்கே தெரியாத தூசியை லேசரால் அடித்துக் கலைக்கிற வேலைக்குப் போனாய். வசந்தியின் போனில் அந்தப் படத்தைப் பூமணியக்கா பார்த்துவிட்டு வந்து, "மாஸ்டர், உங்கடை பாடத்தை அவர் அங்கை செய்யிறார்" என்று சொன்னாரே, அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பி வந்தபோது வெறுங்கையோடு வரவில்லை. அந்தத் தொழிற்சாலை கழித்துவிட்ட லேசர் ஒன்றை வாங்கிக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தாய். கொட்டிலில் மேசை போட்டு, 'ஒளித் துப்புரவு' என்று பலகை எழுதி மாட்டினாய். நீ லேசரைப் போட்டால் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் லைற் ஒருமுறை மங்கும். சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் தன்னுடைய கரிபிடித்த கேத்திலைக் கொண்டுவர, நீ அதைப் புதுச் சாமான் போலப் பளபளக்க வைத்துக் கொடுத்தாய். அடுத்தநாளே அவர் சண்டைக்கு வந்தார். "தேத்தண்ணி முந்தின மாதிரி இல்லையெண்டு சனம் சொல்லுது. நீ என்னத்தை எடுத்தனி?" நான் வேலியோரத்தில் நின்று கேட்டேன். எனக்கு அது நல்ல நாள்.

உனக்கோ நேராக எனக்கு விளக்கம் சொல்ல முடியாத குறை. ஆகவே பூமணியக்காவை உன் வாசலில் கதிரை போட்டு இருத்தி, எனக்குக் கேட்கிற சத்தத்தில் அவருக்குப் படிப்பித்தாய்.

"அக்கா, நெல்லை அள்ளினால் கையிலை ஒட்டுமோ?"

"இல்லை."

"அரிசிமா?"

"ஒட்டும்."

"தட்டினால் போகுமோ?"

"போகாது. கழுவவேணும்."

"அதுதான். தூசு சின்னனாகச் சின்னனாகப் பிடி கூடும். ஊதினாலும் போகாது, துடைச்சாலும் போகாது. லேசராலை அடிச்சால்தான் போகும்."

பிடி கூடுவதில்லை மச்சான். இதை அன்றைக்கே வேலிக்கு மேலால் எட்டிச் சொல்ல வேண்டும் என்று என் நாக்குத் துடித்தது. துணிக்கை சிறிதாகச் சிறிதாக ஒட்டுகிற விசையும் குறையத்தான் செய்கிறது. ஆனால் அதன் நிறை அதைவிட எத்தனையோ மடங்கு வேகமாகக் குறைந்துபோகிறது. உதறி விழுத்துவதற்குப் பாரமே இல்லாமல் போய்விடுகிறது. பெரிய கல்லைத் தட்டினால் அது தன் பாரத்திலேயே விழும். மாவுக்கு விழுவதற்குப் பாரம் எங்கே? லேசர் செய்வது, பாயை உதறுகிற வேலை. கண் இமைக்கிற நேரத்தைக் கோடிக்கணக்கான துண்டாக வெட்டி, அதில் ஒரு துண்டு நேரத்துக்குள் மேற்பரப்பைச் சூடாக்குகிறது. மேற்பரப்பு விரிவது மயிரிழையிலும் எத்தனையோ மடங்கு குறைவுதான். ஆனால் அந்த வேகத்தில் விரிந்தால் மேலே இருக்கிற தூசு இருக்க முடியாமல் எகிறிவிடும். அடித்துக்கொண்டே இருக்கிற வெளிச்சம் சாமானைச் சுடும். விட்டு விட்டு அடிக்கிற வெளிச்சம் தூசை மட்டும் எறியும். இவ்வளவும் எனக்குத் தெரியும். கேட்கத்தான் ஆள் இல்லை. கேட்கவேண்டிய நீயோ வேலிக்கு அந்தப் பக்கம் பிழையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

ஆனால் சின்னதுதான் போகாது என்று நீ சொன்னது சரி. உன் கலியாண வீட்டில் எனக்கு உடைந்த கதிரை தந்ததை நான் மறக்கவில்லை. இடப்பெயர்விலே பறிபோன வீடு வளவெல்லாம் எப்படியோ மனதிலிருந்து இறங்கிவிட்டது. அந்தக் கதிரை இறங்கவில்லை.

அப்படிப் படிப்பித்து முடித்த ஒருநாள்தான் நீ அந்தச் சபதத்தைச் செய்தாய். அதையும் பூமணியக்காவுக்குத்தான் சொன்னாய், ஊருக்கே கேட்கிற மாதிரி.

"அக்கா, அந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்லுங்கோ. லேசரைக் குறைச்சு வைச்சு அடிச்சால் பொருக்கு மட்டும் போகும், பெயின்ற் நிக்கும். வரட்டும், அவருக்கு முன்னாலை அடிக்கிறன். நீலம் எண்டால் மெசினை என்ரை தலையிலை தூக்கிக்கொண்டு போய் அவற்றை கிணத்தடியிலை வைக்கிறன். பச்சையெண்டால் அவர் வாயைத் திறந்து என்னோடை கதைக்கவேணும்."

பூமணியக்கா ஒழுங்கையைத் தாண்டி வந்து, நான் ஏற்கனவே கேட்டதைத் திரும்பவும் சொன்னார். நான் சம்மதித்தேன். நெல் வெட்டு முடிந்ததும் அடிப்பது என்று முடிவாயிற்று. வெட்டு முடிகிற நேரம் நீ ஓட்டோவில் ஏறினாய்.

உன் செத்தவீட்டில் நான் படலையடியில் நின்றேன். உள்ளே போகலாமா என்று யாரிடம் கேட்பது? கேட்கவேண்டிய நீ நடுவீட்டில் படுத்திருந்தாய். வசந்தி என்னைக் கண்டுவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கிருந்து எனக்கு ஒரு பிரச்சினை மச்சான், இதை நான் வேறு யாருக்கும் சொல்லவில்லை. காலையில் எழும்பிப் பல்லை விளக்கிக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்து முகத்தைத் திருப்புவது என் பழக்கம். இப்போதும் திருப்புகிறேன். இனி நான் யாரோடு கதைக்காமல் இருப்பது? இந்த ஊரில் அதற்குத் தகுதியான இன்னொரு ஆள் இல்லை.

வருடம் திரும்பி உன் ஆட்டைத் திவசம் நெருங்கிய நேரம் ஒருநாள் பின்னேரம் வசந்தி படலைக்கு வந்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

"அண்ணை, அவற்றை திவசம் வருது."

"தெரியும்."

"அவர் சொன்ன சொல்லு ஒண்டு நிக்குது. நீ வந்து அடிச்சுப் பார். நீலம் எண்டால் மெசினைக் கொண்டு போ, நான் ஒண்டும் சொல்லன். பச்சையெண்டால் திவசத்தண்டு எல்லாருக்கும் முன்னாலை அவற்றை படத்தடியிலை நிண்டு, பிழை என்ரை எண்டு சொல்லவேணும்."

"படத்துக்கோ?"

"ஓம். ஆளுக்குச் சொல்லத்தான் உனக்கு நேரம் கிடைக்கேல்லையே."

நான் நிலத்தைப் பார்த்தேன். "ஏலாதெண்டால்?"

"ஏலாதெண்டால் திவசத்துக்கு வராதை. பிறகும் வராதை. இருக்கிறது ஒரு அண்ணன். அதையும் பொருக்குப் பிடிக்கவிட்டு மூலையிலை வைச்சிருக்க என்னாலை ஏலாது."

பட்டதாரி ஆசிரியன் ஒருவனுக்கு முன்னால், இரண்டே நிறத்தில் தீர்ப்பு. நான் போனேன்.

அந்தச் சனிக்கிழமை நீ பார்த்திருக்க வேண்டும். உன் கொட்டில், உன் மேசை, உன் லேசர், சுவரில் மாலை போட்ட உன் படம். படத்தில் நீ சிரிக்கிறாய். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. நீ கொண்டுவந்த பாதுகாப்புக் கண்ணாடி மூன்றையும் ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டோம். பூமணியக்கா தன்னுடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்று அதற்கு மேல் இதைப் போட்டு, வாயில் வெற்றிலையோடு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "நான் நடுவர்" என்றார்.

உன் லேசரின் விளக்கப் புத்தகம் முழுக்கக் கொரிய மொழி. எனக்குக் கணக்குத் தெரியும், குமிழ் தெரியாது. வசந்திக்குக் குமிழ் தெரியும், கணக்குத் தெரியாது. நான் கடுதாசியில் கணக்குப் போட்டு ஒரு அளவைச் சொன்னேன். அவள் "கூடப்போல கிடக்கு" என்றாள். நான் பட்டதாரி. என் அளவிலேயே வைத்து அடித்தேன். எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம். ஒயில் கருகிய மணம். பார்த்தால், பொருக்கும் இல்லை, நிறமும் இல்லை, வெறும் இரும்பு பளபளக்கிறது.

"அண்ணை! குறை, குறை!"

"நடுவர் பாத்துக்கொண்டிருக்கேக்கையே மாஸ்டர் சாட்சியை எரிக்கிறார்" என்றார் பூமணியக்கா.

வசந்தி குமிழைத் திருப்பினாள். "மெல்லிய சாமானுக்கு அவர் இதிலைதான் வைப்பார்." அந்த அளவில், எண்ணெய்த் தாங்கியின் பக்கவாட்டில், உள்ளங்கை அளவு இடத்தில் மெதுவாக அடித்துக்கொண்டு போனேன். பொருக்கு புகையாகப் போயிற்று. அதன் அடியில் மெல்லிய தூசு, மாவைப் போல. அது மட்டும் அசையவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் அப்படியே இருந்தது. சின்னது.

"காய்ஞ்சு கிடந்தால் வராது அண்ணை. அவர் கொஞ்சம் ஈரம் காட்டிப்போட்டுத்தான் அடிப்பார்."

உண்மைதான். மெல்லிய நீர்ப்படலம் இருந்தால், லேசர் பட்டவுடன் அது வெடித்துக் கொதித்து, தூசை அடியோடு கிளப்பிக்கொண்டு போகும். நானே சொல்லியிருக்க வேண்டியது, அவள் முந்திக்கொண்டாள். சீலைத் தலைப்பைச் செம்புத் தண்ணீரில் நனைத்து ஒற்றினாள். கண்ணீர், கிண்ணீர் என்று பிறகு யாரும் கதை கட்டவேண்டாம். அது கிணற்றுத் தண்ணீர்.

நான் அடித்தேன். தூசு போயிற்று. நிறம் தெரிந்தது.

"பச்சை!" என்று வசந்தி கத்தினாள். "பச்சை அண்ணை, பச்சை! பாத்தியே, அவர் சொன்னது சரி!"

எனக்கும் பச்சையாகத்தான் தெரிந்தது. உன் படத்தைப் பார்த்தேன். படத்தில் நீயும் பச்சையாக இருந்தாய். மாலையும் பச்சை. பூமணியக்காவின் பல்லும் பச்சை.

"லேசரை நிப்பாட்டிப்போட்டுக் கண்ணாடியைக் கழட்டு" என்றேன்.

கழற்றினோம். மச்சான், பச்சை கண்ணாடிக்குத்தான், மெசின் பச்சை இல்லை. நீ ஒருகணம் சந்தோசப்பட்டிருந்தால் அதைத் திருப்பித் தந்துவிடு. ஆனால் நீலமும் இல்லை. மெசினின் வயிற்றில், உள்ளங்கை அளவுக்கு, நல்ல றோஸ் நிறம்.

"அது அடிப்பூச்சு" என்றேன் நான். படித்தவனுக்கு எந்த நேரத்திலும் ஒரு விளக்கம் இருக்கும்.

கொட்டில் வாசலுக்கு நேரே, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், பூமணியக்காவின் வீட்டு முன்சுவர் வெயிலில் நின்றது. தர்மபுரத்தில் வழி கேட்டால் "அந்த றோஸ் வீட்டடியாலை திரும்புங்கோ" என்றுதான் ஆட்கள் சொல்வார்கள். பழைய வீட்டுக்கும் அதே நிறம்தான், திரும்பி வந்து கட்டிய வீட்டுக்கும் அதே நிறம்தான். வசந்தி சுவரைப் பார்த்தாள், மெசினைப் பார்த்தாள், பிறகும் சுவரைப் பார்த்தாள்.

பூமணியக்கா எழும்பி வந்தார். தன் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட்டுக் குனிந்தார். மிச்சத்தையும் ஒருக்கால் அடித்துப் பார்ப்போம் என்று நான் திரும்பவும் கண்ணாடியை எடுத்தேன்.

"நிப்பாட்டுங்கோ மாஸ்டர். அதிலை அடிக்காதேங்கோ."

"ஏன் அக்கா?"

"உங்கை பாருங்கோ. பெயின்ற்றுக்கை ஒரு மயிர் ஒட்டிக்கிடக்குது."

இருந்தது. பூச்சோடு சேர்ந்து காய்ந்துபோன, பிறஸ் மயிர் ஒன்று. பூமணியக்காவின் புருசன் இடப்பெயர்வுக்கு முன்னமே காய்ச்சலில் போனவர். சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற்றை மெசினுக்கும் அடித்தது அவர்தானாம்.

"மலிவுப் பிறஸ் வாங்காதேங்கோ, மயிர் கொட்டுமெண்டு சொல்லச் சொல்லக் கேக்காமல் வாங்கினவர். சுவரிலை விழுந்த மயிரெல்லாம் இருந்து இருந்து நான்தான் நகத்தாலை கிள்ளி எடுத்தனான். இது தப்பிப்போட்டுது."

அந்த மயிரை விரலால் தொட்டும் தொடாமலும் தடவினார். வேலி என்று அவர் நம்பிய இடமே தென்னையடியாக இருந்திருக்க வேண்டும். தென்னை என்று நாங்கள் நம்பியது வேலியாக. எங்கள் மெசின் இரண்டையும் யார் எடுத்தார்களோ, எப்போது எடுத்தார்களோ. நீயும் நானும் அத்தனை வருடமும் மூன்றாவது ஆளின் மெசினுக்காகக் கதைக்காமல் இருந்திருக்கிறோம்.

பூமணியக்கா அழப்போகிறார் என்று நினைத்து நான் செம்பை எடுத்தேன். அவர் உன் படத்துக்குமுன் போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கணேசு, கேட்டியே? 'கவனம் அக்கா, துடைச்சுத் தரவேணும்' எண்டனி. என்ரை மெசினை, நான் இரவல் வாங்கி, எண்ணெயும் விட்டு, துடைச்சு, உனக்குக் கொண்டுவந்து தந்திருக்கிறன். ஒருநாள் மண்ணோடை தந்தனான் எண்டு முகத்தைத் தூக்கி வைச்சிருந்தனி!"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். வெற்றிலை புரைக்கேறுகிற சிரிப்பு. வசந்தியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பித் தீர்ப்பைச் சொன்னார். "என்ரை கொட்டில் ஒழுகுது. மெசின் இங்கையே நிக்கட்டும். வசந்தி எப்பவும் இறைக்கலாம். மாஸ்டருக்கு வேணுமெண்டால் என்னட்டை வந்து கேக்கவேணும். துடைச்சுத் தரவேணும். அதோடை பேப்பரிலையும் போடவேணும்."

"பேப்பரிலையோ? என்னத்தை?"

"அது என்ரை மெசின் எண்டு. ஊர் முழுக்க நீலமோ பச்சையோ எண்டு கதைச்சது. றோஸ் எண்டு ஒரு குஞ்சும் கதைக்கேல்லை. கணேசுன்ரை நினைவஞ்சலியோடை சேர்த்து எழுதுங்கோ. நீங்கள்தானே படிச்சனீங்கள்."

நான் வசந்தியைப் பார்த்தேன். "நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. அப்ப திவசத்துக்கு நான் என்ன செய்யிறது?"

அவள் உன் படத்தின் மாலையை நேராக்கினாள். "அப்ப ரெண்டு பேரும் பிழை. வந்து நிண்டு ரெண்டு பேருக்குமாச் சேர்த்துப் பூமணியக்காவிட்டைச் சொல்லு. அந்த மனுசனுக்கு இனி வாய் இல்லை. உன்ரை வாயாலைதான் சொல்லவேணும்."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். கேத்திலை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது. எத்தனை பேருக்குத் தண்ணீர் வைக்கிறாள் என்று நான் காது கொடுத்துக் கேட்டேன் மச்சான். அதை எந்தப் பௌதிகத்தாலும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சத்தால் மூன்று கோப்பையோடு வந்தாள். எனக்குச் சீனி குறைவு என்பது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே என் வாக்கு இது. திவசத்துக்கு வருவேன். உடைந்த கதிரை தந்தாலும் இருப்பேன். உனக்கும் எனக்குமாகச் சேர்த்துப் பூமணியக்காவிடம் பிழை என்று சொல்வேன். உன் பங்கைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன். வெள்ளி தோறும் ஒழுங்கையைக் கடந்து போய் மெசினைக் கேட்டு வாங்கி, துடைத்துக் கொடுப்பேன். அந்த றோஸ் துண்டை மட்டும் துடைக்க மாட்டேன். அங்கே மயிர் இருக்கிறது.

உன் மேலிருந்த மனக்குறைகளையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துவிட்டேன். கனக்கப் போய்விட்டது. ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்: பள்ளிக்கூடத்தில் என்னிடம் இரவல் வாங்கிய கவராயத்தை நீ இன்னும் திருப்பித் தரவில்லை. அது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கட்டும். அதுவும் போய்விட்டால், காலையில் வேலிப் பக்கம் பார்த்து முகத்தைத் திருப்ப எனக்கு ஒரு காரணம் வேண்டாமா?

இனிக் கையெழுத்து. மெசின் தன்னுடையது என்று போடும்படிதான் பூமணியக்கா சொன்னார். எழுதியது யார் என்று போடும்படி சொல்லவில்லை. தர்மபுரத்தில் யாருக்கும் தெரியாமல் போகப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் இருவருக்குள்ளும் ஒரு சட்டம் இருந்ததே, முதலில் கதைக்கிறவன் தோற்றவன் என்று. நீ வாய் திறக்காமலே போய்விட்டாய். நான் முதலில் கதைத்தேன் என்று எழுத்தில் ஒரு சாட்சி கிடைத்தால், நீ அங்கேயும் யாரையாவது கதிரை போட்டு இருத்தி, எனக்குக் கேட்கிற சத்தத்தில் அதைச் சொல்லுவாய். அதனால் யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பெயர் போடாமல்தான் இதைப் பேப்பருக்குத் தபாலில் அனுப்பப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் மனைவியின் ஒரே அண்ணன்